அப்பா மாதிரியும் இல்லை, தாத்தா மாதிரியும் இல்லை

கேள்வி: எனக்கு 41 வயது. என் நண்பர் ஒருவர் போன மாதம் 83-ஆவது வயதில் காலமானார். ஓய்வு பெற்ற சர்வேயர். முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர். நான் வீடு மாறிய பிறகும் பழக்கம் விடவில்லை. தினமும் காலை ஆறரை மணிக்கு போன் செய்வார். ஆளுக்கொரு செய்தித்தாளை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் போடுவோம். 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவர் எனக்கு அப்பா மாதிரியும் இல்லை, தாத்தா மாதிரியும் இல்லை. நண்பர், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் குழாய். என்னை அடையாளம் தெரிந்ததா என்றே தெரியவில்லை. இப்போது கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது. அவர் இறந்ததே எனக்கு இரண்டு நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். படுக்கையில் விழுவதற்கு முந்தைய வாரம் இரண்டு முறை கூப்பிட்டார்; வேலை மும்முரத்தில் நான் எடுக்கவில்லை. அலுவலகத்தில் அழுதால், "உனக்கு அவர் என்ன உறவு? எண்பத்து மூணு வயசு, வாழ்ந்து முடிச்சவர்தானே" என்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டாமே, நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்? அவர் குரல் மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இதற்கிடையில் அவர் மகன் கூப்பிட்டு, அடுத்த மாதம் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறார். என்ன பேசுவது? இன்னொன்றும் இருக்கிறது. சாருக்கும் அவர் தம்பிக்கும் முப்பது வருடமாகப் பேச்சில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தப்பு தன்மேல்தான் என்று கடைசி வருடத்தில் என்னிடம் மட்டும் சொன்னார். அதை மகனிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது "நண்பர், அவ்வளவுதான்" என்பது. ஒரு பெண்ணுக்கும் அவரைவிட நாற்பது வயது மூத்த ஆணுக்கும் பழக்கம் என்றால், அதை ஏதாவது ஓர் உறவுமுறைக்குள் போட்டு மூடினால்தான் சுற்றியிருப்பவர்களுக்கு நிம்மதி. நீங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதற்கான விலையைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. "அப்பா மாதிரி" என்று சொல்லியிருந்தால் அலுவலகத்தில் இரண்டு பேராவது தோளில் கை வைத்திருப்பார்கள்.

கென்னத் டோகா என்கிற அமெரிக்க முதுமையியல் பேராசிரியர் 1989-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சில துக்கங்களை ஊர் துக்கமாகவே ஒத்துக்கொள்வதில்லை என்பது அவர் சொன்னது. அந்த உறவு கணக்கில் வராததாக இருக்கலாம். அந்த இழப்பு பெரிதில்லை என்று மற்றவர்கள் நினைக்கலாம். உங்கள் விஷயத்தில் இரண்டும் சேர்ந்துவிட்டன. நண்பர் என்பதால் உறவு கணக்கில் இல்லை, 83 வயது என்பதால் இழப்பும் கணக்கில் இல்லை. துக்க விடுமுறை தரும் அலுவலகங்களின் விதிகளை எடுத்துப் பாருங்கள். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று போகும். நண்பர் என்ற சொல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் மொழி இந்த விஷயத்தில் அலுவலக விதிகளைவிடத் தாராளமானது. பாரி இறந்தபோது கதறியவர்களில் கபிலர் ஒருவர். அதியமான் இறந்தபோது ஔவையார். இரண்டு பேருமே இறந்தவருக்கு ரத்த உறவு இல்லை. ஆனாலும் இறந்தவரை எண்ணிப் புலம்பும் கையறுநிலைப் பாடல்கள் என்றதும் நமக்கு அவர்கள் பெயர்தான் முதலில் வருகிறது. அதியமான் ஔவைக்கு எந்த மாதிரி என்று யாரும் கேட்கவில்லை. ஔவையின் பாடலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பேச்சைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

"வாழ்ந்து முடிச்சவர்தானே" என்பதற்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. அவர் வாழ்ந்து முடித்தார், சரி. நீங்கள் முடிக்கவில்லையே. தினமும் ஆறரை மணிக்கு வந்த போன் இனி வராது. அவருடைய வயதைச் சொன்னால் அந்த அரை மணி நேரம் நிரம்பிவிடுமா?

அவர் பக்கத்திலிருந்தும் இந்த நட்பை ஒருமுறை பாருங்கள். வயதானவர்களுக்கு ஆள் கிடைக்காது, பேச்சுத்துணைக்கு யாராவது கிடைத்தால் போதும் என்று பொதுவாக நினைக்கிறோம். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியல் அறிஞர் 1990-களிலிருந்து செய்துவரும் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. இன்னும் கொஞ்ச காலம்தான் என்று தெரிந்தவர்கள் தங்கள் வட்டத்தைத் தாங்களே சுருக்கிக்கொள்கிறார்கள். ஒப்புக்குப் பேசுகிறவர்களை விட்டுவிட்டு, மனசுக்கு நிறைவு தருகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சார் பொழுது போகாமல் உங்களைக் கூப்பிடவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் தினமும் ஒரு பங்கை உங்களுக்கென்று எடுத்து வைத்தார்.

ஐந்து கட்டங்களைப் பற்றிக் கேட்டீர்கள். எலிசபெத் கூப்லர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் சொன்னது அது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. ஆனால் அவர் பேசிப் பார்த்தது சாகப்போகிற நோயாளிகளிடம். தங்கள் மரணத்தை அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதிலிருந்து வந்த கட்டங்கள் அவை. பிறகு அது ஒருவரை இழந்து நிற்கிற எல்லோருக்கும் பாடத்திட்டம் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை. பாஸ் ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது, துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் இருவரும் 1999-இல் வைத்த விளக்கம். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருப்பார் என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், பழைய படங்களைப் புரட்டுவது. இன்னொரு பக்கம் அன்றாடம்: வேலை, வீடு, புதிதாகப் பழக வேண்டிய காரியங்கள். காலையில் அழுதுவிட்டு மதியம் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தால், "என்ன மனுஷி நான்" என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்தப் போக்குவரத்துதான் துக்கம். ஆறரை மணிக்கும் இதுவே பொருந்தும். ஒரு நாள் தனியாகப் புதிரைப் போட்டுப் பார்க்கலாம், இன்னொரு நாள் பேப்பரைத் தொடாமல் நடக்கப் போகலாம். இப்போதைக்கு எதையும் விதியாக்க வேண்டாம்.

கடைசியாகப் பார்த்த முகம். இது நிறையப் பேருக்கு வருகிற வேதனை; அதற்குக் காரணமும் உண்டு. உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவர் சகாக்களும் 1993-இல் செய்த ஒரு சோதனை இது. ஒரு கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே இன்னும் 30 விநாடி. அந்த முப்பது விநாடியில் மட்டும் நீரை மெல்ல 15 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். மறுபடி எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேதனை கூடுதல் நேரம்தான், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்பதை மனம் கணக்கில் வைப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொள்கிறது.

உங்களுக்கும் அவருக்குமான பழக்கத்தில் மருத்துவமனை எத்தனை நிமிடம்? ஆனாலும் அது கடைசியில் வந்ததால் மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த முகத்தை விரட்டப் பார்க்காதீர்கள். விரட்ட விரட்ட வரும். வந்தால் வரட்டும். அது வந்து நிற்கும்போது, வேறொரு நாளின் முகத்தை வேண்டுமென்றே, விவரத்தோடு கூப்பிடுங்கள். "நல்ல நாட்கள்" என்று பொதுவாக நினைத்தால் வேலைக்கு ஆகாது. எந்த நாள், என்ன சட்டை, கண்ணாடியை எங்கே வைத்துவிட்டுத் தேடினார், எந்தக் குறிப்பில் இருவரும் மாட்டிக்கொண்டீர்கள் என்று போக வேண்டும். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போக மருத்துவமனை முகம் பின்னால் நகர்கிறது. ஒரேயடியாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன்.

எடுக்காத இரண்டு அழைப்புகள் பற்றி. பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியல் ஆய்வாளர் 1975-இலேயே சோதனைகள் வழியாகக் காட்டிய ஒன்று உண்டு: முடிவு தெரிந்தவுடன், அது முன்பே தெரிந்திருக்க வேண்டியது என்று நமக்குத் தோன்ற ஆரம்பிக்கிறது. விடையைப் பார்த்த பிறகு குறிப்பு எவ்வளவு எளிதாகத் தெரியும் என்பதைக் குறுக்கெழுத்து போடுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் அது வெறும் இரண்டு தவறிய அழைப்பு. அவரும் உங்கள் எத்தனையோ அழைப்புகளைத் தவறவிட்டிருப்பார். இதற்குமேல் இதில் நான் தேற்றப் போவதில்லை. எடுத்திருக்கலாமே என்ற வருத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது அன்பின் பகுதி. குற்றம் என்ற கணக்கில் மட்டும் அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

சரி, குரலுக்கு வருவோம். இதில் இன்றே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அதனால் கொஞ்சம் நச்சரிக்கிறேன். நீங்கள் பேசிய அழைப்புகள் எங்கும் பதிவாகியிருக்காது. ஆனால் எப்போதாவது குரல் செய்தி அனுப்பியிருப்பார். நீங்கள் எடுக்காத நாட்களில் அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். தேடுங்கள். கிடைத்ததை போனிலேயே விட்டுவைக்காமல் கணினியில் ஒரு நகல், தனியாக ஒரு பென் டிரைவில் இன்னொரு நகல் எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் தேதியும் விஷயமும் பெயராகக் கொடுங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். அவர் கணக்கு போனாலும் உங்கள் போனில் இருக்கும் உரையாடல் போகாது. உங்கள் போன் தொலைந்தாலோ, மாற்றும்போது அசட்டையாக இருந்தாலோதான் போகும். அவருடைய எண்ணும் ஒரு நாள் வேறு யாருக்காவது கொடுக்கப்படும். பழக்கத்தில் அந்த எண்ணை அழுத்தி, முன்பின் தெரியாதவர் "யாருங்க?" என்று கேட்டு உடைந்துபோனவர்கள் உண்டு. அது நடக்கலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் செய்தி ஒன்றுகூட இல்லையென்றால் மகனிடம் கேளுங்கள். ஏதாவது குடும்ப விசேஷ வீடியோவில், கேமரா வேறு யாரையோ காட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னால் அவர் பேசிக்கொண்டிருப்பார்.

ஒலியை மட்டும் நம்ப வேண்டாம், எழுதியும் வையுங்கள். இந்த முழுக் கடிதத்திலும் நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது இதைத்தான். 1932-இல் கேம்பிரிட்ஜ் உளவியல் அறிஞர் ஃபிரெடரிக் பார்ட்லெட் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். பழக்கமில்லாத ஒரு கதையைக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. புரியாத விவரங்கள் உதிர்ந்தன, தெரிந்த மாதிரிக்குக் கதை வளைந்தது. இறந்தவர்களைப் பற்றிய நம் பேச்சுக்கும் இதே கதிதான். சொல்லச் சொல்ல முரட்டு ஓரங்கள் தேய்ந்து, ஐந்து வருடத்தில் "ரொம்ப நல்ல மனுஷர்" மட்டும் மிஞ்சும். நல்ல மனிதர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்களோடு புதிர் போட்டவர் ஒருவர்தான்.

அதனால் இப்போதே, தேதி போட்டு, எழுதுங்கள். நடை பற்றிக் கவலை வேண்டாம். போனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை என்ன? பென்சிலில் நிரப்புவாரா, பேனாவிலா? எந்த மாதிரிக் குறிப்புகளில் சொதப்புவார்? விடையை நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் பாராட்டுவாரா, முறுக்கிக்கொள்வாரா? தவறான விடையை விடாப்பிடியாகச் சாதித்த நாள் எது? நிலம் அளந்த காலத்துக் கதைகளில் எதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உங்களைக் கொட்டாவி விட வைத்தார்? அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? கடைசிக் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிடிக்காதது ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அந்தப் பக்கத்தில் அவர் இருக்க மாட்டார்.

"இப்படி எழுதி எழுதி அதிலேயே உட்கார்ந்துவிட மாட்டேனா?" என்று கேட்கலாம். இதே சந்தேகம் அறிஞர்களுக்கும் ரொம்ப நாள் இருந்தது. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டு 1917-இல் எழுதியதை வைத்து, இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று பல தலைமுறை ஆலோசகர்கள் நம்பினார்கள். 1920-இல் ஃப்ராய்டின் மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது வருடம் கழித்து, 1929 ஏப்ரலில் ஒரு நாள், மகனை இழந்திருந்த தன் நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு ஃப்ராய்டு ஒரு கடிதம் எழுதினார். அன்று சோஃபி உயிரோடு இருந்தால் அவளுக்கு 36 வயது. கடுமையான துக்கம் தணியும், ஆனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வராது, அப்படி இருப்பதுதான் சரி, விட மனமில்லாத அன்பை நாம் தொடர்வதற்கு அதுதான் வழி என்கிற பொருளில் போகிறது அந்தக் கடிதம். கோட்பாடு எழுதியவர் வேறு, அப்பா வேறு. 1996-இல் துக்க ஆய்வாளர்கள் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் இதையே ஆய்வாக முன்வைத்தார்கள்: இறந்தவரோடு ஒரு தொடர்பை வைத்துக்கொள்வது நோயல்ல, பலரும் இயல்பாகச் செய்வது. ஒரு நல்ல குறிப்பைப் பார்த்ததும் "சார் இதை எப்படிப் பிரிப்பார்" என்று நினைப்பீர்கள். நினைக்கலாம்.

இப்போது கூட்டத்தில் பேசுவது. "ஈடுசெய்ய முடியாத இழப்பு", "பழகுவதற்கு இனியவர்", "எளிமையின் சிகரம்" இவற்றை மேடையில் வேறு யாராவது நிச்சயம் சொல்வார்கள். அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஔவையார் பாடியதைப் பற்றி மிச்சம் வைத்தேன் இல்லையா? அவர் அதியமானை வீரன், வள்ளல் என்று பட்டம் கொடுத்து முடித்துவிடவில்லை. குடிக்கக் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்து, நாங்கள் பாடப் பாட, மிச்சத்தைத் தான் குடிப்பான். நரந்தம் என்ற வாசனைப் பொருள் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். இப்படித்தான் அந்தப் பாட்டு போகிறது. கொடை என்ற வார்த்தை இல்லாமலே கொடை தெரிகிறது, பாசம் என்று சொல்லாமலே பாசம் தெரிகிறது. தன் தலை நாறும் என்று சபையில் சொல்லிக்கொள்ள அந்த அம்மாவுக்குத் தயக்கமே இல்லை பாருங்கள், எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

நீங்களும் அப்படியே ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் அதற்குத்தான் இடம் உண்டு. அரங்கம் சிரிக்கிற மாதிரி ஒரு பலவீனம் அதில் இருந்தால் இன்னும் நல்லது. கேலியாக இருக்கக் கூடாது, அவரே கேட்டால் சிரிப்பார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். உங்களைப் பற்றி அதிகம் பேசாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை மகனும் மகளும் உட்கார்ந்திருக்கிற சபையில் அளந்து காட்ட வேண்டியதில்லை. பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள், நாலு நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள், மேடையில் தொண்டை அடைத்து ஒரு நிமிடம் தானாகக் கூடிவிடும். ஒருவேளை முடியாமல் போனால் தாளை வாங்கி மீதியை வாசிக்க ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அழுகை வந்தால் நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், தொடருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

மகன் உங்களைப் பேசக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு அப்பாவைத் தெரியும். காலை ஆறரை மணிக்கு உங்களோடு சிரித்துக்கொண்டிருந்த ஆளை அவர்களுக்குத் தெரியாது. அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. வயதானவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: மகனைப் பற்றிய பெருமையை மகனிடம் சொல்ல மாட்டார்கள், நண்பரிடம் சொல்வார்கள். அப்படி அவர் சொன்னது ஏதாவது நினைவிருந்தால், கூட்டம் முடிந்ததும் அந்த மகனிடம் தனியாக, அவர் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். மகனைப் பற்றிக் குறையும் சொல்லியிருப்பார். அது உங்களோடு இருக்கட்டும். பதில் சொல்ல முடியாத ஒருவரின் புகாரைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

தம்பி விவகாரம் இதைவிடச் சிக்கல். கடைசி வருடத்தில் ஏன் அதைப் பேசினார் என்பது முதலில் புரிய வேண்டும். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இல் எழுதியது இது: முடிவு நெருங்குகிறது என்று தெரிந்தவர்கள் தங்கள் வாழ்க்கையை ஒருமுறை எடுத்துப் புரட்டுகிறார்கள், தீராத பழைய சண்டைகள் அப்போது மேலே வருகின்றன. அதைத் தள்ளாத வயதின் உளறல் என்று அதுவரை ஒதுக்கியவர்கள் உண்டு. பட்லர் அதை அந்த வயதுக்கே உரிய ஒரு வேலையாகப் பார்த்தார். உங்கள் சாரும் அந்த வேலையைத்தான் உங்கள் முன்னால் செய்தார். ஏன் உங்கள் முன்னால்? நீங்கள் குடும்பம் இல்லை என்பதால். உங்களிடம் சொன்னால் அதற்குப் பின்விளைவு இல்லை, பக்கம் பிரியாது, மறுநாள் வீட்டில் சண்டை வராது.

அந்த நம்பிக்கை அவர் இறந்ததும் காலாவதி ஆகிவிடாது. ஆகவே மேடையில் இது வரவே கூடாது. "தப்பு என்மேல்தான்" என்ற வாக்கியத்தை மகனிடமும் நீங்களாகக் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். முப்பது வருடமாக அப்பா பக்கம் நின்ற பிள்ளைகளுக்கு, துக்கத்தின் நடுவே, வெளியிலிருந்து ஒருவர் வந்து தீர்ப்பு வாசிப்பது போல ஆகும். அதே சமயம் அந்தத் தம்பி உயிரோடு இருக்கிறார் என்றால் அவரையும் மறந்துவிட முடியாது. எங்கோ ஒரு முதியவர், அண்ணன் கடைசி வரை தன்னை வெறுத்தே செத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அதனால் நடுவில் ஒரு வழி. மகனிடம், கூட்டமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் ஆன பிறகு, "சார் கடைசி வருஷம் உங்க சித்தப்பாவைப் பத்தி என்கிட்ட பேசினார், கோபமா பேசலை" என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மை, ஆனால் ரகசியத்தை உடைக்கவில்லை. அந்தக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதை மகன் முடிவு செய்யட்டும். அவராகக் கேட்டால் அப்போது எவ்வளவு சொல்வது என்று யோசிக்கலாம். "தம்பியிடம் சொல்லிவிடு" என்று சார் எப்போதாவது உங்களிடம் கேட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது அது செய்தி, சேர்த்தே ஆக வேண்டும்.

உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக. ஒரு மாதம் என்பது மிகக் குறுகிய காலம், இந்த அழுகைக்கு மருத்துவப் பெயர் எதுவும் தேவையில்லை. நீடித்த துக்கம் என்று ஒரு நோயாகப் பார்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதமும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் வைத்திருக்கின்றன. அதுவும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையே நின்றுபோனால்தான். ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ இந்த மாதக் கணக்கையெல்லாம் பார்க்காமல் உடனே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

கூட்டத்துக்கு முன்னால் மகனிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்குப் பிறகு உங்கள் பேச்சு, உங்களை எப்படி அறிமுகம் செய்யப் போகிறார்கள். "குடும்ப நண்பர்" என்று எழுதி வைத்திருப்பார்கள், அல்லது "அப்பாவுக்கு மகள் மாதிரி". மரியாதையாகத் திருத்திக் கொடுங்கள்: "அப்பாவின் நண்பர்."